படிவம் 1-ல் என் மாணவன் பெயர் எங்கே? ஒரு பொறியியல் கல்லூரித் தாளாளருக்குத் திறந்த மடல்

தாளாளர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும்,

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு நம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். 2024-ல் மெக்கானிக்கல் முடித்தவன், நான் புரொஜெக்ட் கைடாக இருந்த பையன். "சார், அந்த கிளாம்ப் பேடன்ட்ல என் பேரு இல்ல சார். உங்க பேரு இருக்கு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதே வாரம் உங்கள் சர்க்குலரும் வந்தது. ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. வரும் ஜூனுக்குள் ஆளுக்கு இரண்டு பேடன்ட் "பப்ளிஷ்" ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்கிரிமென்ட் கிடையாது என்று அதில் இருக்கிறது. பையன் பேசியதற்குப் பிறகு இதையும் படித்ததால், நேரில் வந்து சொல்லலாம் என்று வைத்திருந்ததை இப்படி எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. அந்தப் பெயர் அச்சடித்த சான்றிதழோடு வேலை தேடி அலையும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

(தமிழில் பேடன்ட், காப்பிரைட் இரண்டுக்குமே காப்புரிமை என்று எழுதுகிற பழக்கம் வந்துவிட்டது. குழப்பம் வேண்டாம் என்று, கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் உரிமையை நான் பேடன்ட் என்றே எழுதுகிறேன்.)

முதலில் அந்த கிளாம்ப். நீங்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்களா என்று தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். பையனின் அப்பா ஒட்டன்சத்திரம் பக்கம் போர்வெல்லில் மோட்டார் இறக்குவது, தூக்குவது என்று இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறார். 600 அடி போர் என்றால் பத்தடி பத்தடியாக அறுபது பைப். ஒவ்வொரு பைப்பையும் கழற்றும்போது கீழே தொங்குகிற மொத்த எடையையும் கேசிங் (போரின் மேல்பகுதியில் இறக்கியிருக்கும் வெளிக்குழாய்) வாயில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிளாம்ப்தான் தாங்க வேண்டும். வழக்கமான கிளாம்ப் இரண்டு பாதியாக இருக்கும், போல்ட் போட்டு ஸ்பேனரால் முறுக்க வேண்டும். அறுபது முறை முறுக்கு, அறுபது முறை தளர்த்து. ஈரப் பைப்பு, பாசி, மதிய வெயில், ஒரு தடவை முறுக்கு சரியாக விழவில்லையென்றால் பைப் வழுக்கும். அப்படி வழுக்கிய ஒரு நாளில்தான் அவன் அப்பாவுக்கு வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போனது. பையன் அப்போது பிளஸ் ஒன்.

நம்மிடம் வந்து இறுதியாண்டில் அவன் செய்தது போல்ட்டே இல்லாத கிளாம்ப். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, மையம் தள்ளிச் சுழலும் இரண்டு தாடைகள். பைப் கீழே இறங்கப் பார்த்தால் அந்த எடையே தாடையை இறுக்கும், மேலே தூக்கினால் தானாக விடும். இந்தத் தத்துவம் புதிதில்லை. அவன் செய்தது பற்களின் சாய்வில் இருக்கிறது. பல் நேராக இருந்தால் பிளாஸ்டிக் பைப்பில் வெட்டு விழுகிறது, அதிகமாகச் சாய்ந்தால் பிடிக்கவில்லை. பதினோராவது கிளாம்பில்தான் சரியாக வந்தது. முந்தைய பத்தும் ஒர்க்‌ஷாப் மூலையில் ஒரு சாக்கில் கிடந்தன, நான் பார்த்திருக்கிறேன்.

இதை 2024 பிப்ரவரியில் கல்லூரி புரொஜெக்ட் எக்ஸ்போவில் வைத்தான். முதல் பரிசு. நம் மீடியா டீம் அவனை நிறுத்தி நான்கு நிமிட வீடியோ எடுத்தது. தாடையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பல் எத்தனை டிகிரி, ஏன் அந்த டிகிரி என்று கேமராவைப் பார்த்து அழகாக விளக்கினான். அன்று மாலையே யூடியூபில் ஏற்றிவிட்டீர்கள். நானும் லைக் போட்டேன்.

அந்த லைக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பேடன்ட் வேண்டுமென்றால் மனு போடும் நாளுக்கு முன்பு அந்த விஷயம் உலகத்தில் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. நாமே வெளியிட்டாலும் அதே கதிதான். மத்திய அரசு அறிவித்த கண்காட்சி என்றால் பேடன்ட் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் 12 மாத விலக்கு உண்டு. நம் கல்லூரி எக்ஸ்போவை எந்த அரசும் அறிவிக்கவில்லை. சம்மதமில்லாமல் பிறர் வெளியிட்டிருந்தால் அதற்கும் ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் சிரித்த முகத்தோடு விளக்கிக்கொண்டு நிற்பவனே அவன்தான், சம்மதமில்லை என்று எப்படிச் சொல்வது?

மஞ்சள் கதையை வருடா வருடம் உங்கள் ஐ.பி.ஆர். செல் (பேடன்ட் வேலைகளைப் பார்க்கும் கல்லூரிப் பிரிவு) கருத்தரங்கில் யாராவது ஒருவர் சொல்வார், எல்லோரும் கை தட்டுவோம். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா பேடன்ட் கொடுத்தது, மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போய் 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. எதை வைத்து ஜெயித்தார்கள்? இது ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது என்று பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரையையும் எடுத்து நீட்டித்தான். அந்த ஆயுதம் யார் கையில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் வெட்டும். நம் பையனின் பல் சாய்வுக்கான உரிமையை நாளைக்கு எவனாவது வெட்ட நினைத்தால் உங்கள் யூடியூப் லிங்க் ஒன்று போதும்.

சரி, எல்லாமே போய்விட்டதா என்றால் இல்லை. ஏப்ரலில் அப்பாவோடு ஒரு தோட்டத்தில் மோட்டார் தூக்கிப் பார்த்தபோது கிளாம்ப் பைப்பை நன்றாகப் பிடித்தது, கூடவே பைப்போடு கட்டியிருந்த மோட்டார் வயரையும் சேர்த்து நசுக்கிவிட்டது. ஒரு வாரம் தூங்காமல் யோசித்துத் தாடையின் உள்பக்கம் வயருக்கென்று ஒரு வாய்க்கால் வெட்டினான். சும்மா ஒரு குழி இல்லை. தாடை சுழலும்போது அந்த வாய்க்காலும் கூடவே நகர்ந்து வயரைப் பைப்புக்கு வெளிப்பக்கமாக ஒதுக்கிவிடும். எனக்குத் தெரிந்து இதுதான் அவன் செய்ததில் உண்மையான கண்டுபிடிப்பு. அது வீடியோவில் இல்லை. மே மாதம் கொடுத்த ரிப்போர்ட்டின் 41-ஆம் பக்கத்தில் மட்டும் இருந்தது, அந்த ரிப்போர்ட்டும் லைப்ரரிக்குப் போகாமல் என் பீரோவிலேயே கிடந்தது, என் சோம்பேறித்தனத்தால் நடந்த ஒரே நல்ல காரியம். தோட்டத்தில் வைத்துப் பார்த்ததை யாராவது கேள்வி கேட்டாலும், நியாயமான சோதனைக்காகப் பொதுவில் பயன்படுத்தியதற்கு 32-ஆம் பிரிவு ஓராண்டு விலக்குத் தருகிறது.

இப்போது ஆகஸ்ட் 2024-க்கு வருகிறேன். மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருக்கும்போது ஐ.பி.ஆர். செல்லிலிருந்து அட்டெண்டர் ஒரு தாளோடு வந்தார். "சார், கையெழுத்து மட்டும் போடுங்க, மேடம் அவசரமா கேக்குறாங்க." கடைசிப் பக்கம் மட்டும்தான் கொடுத்தார்கள். வாசலில் நின்றபடியே போட்டேன். பேடன்ட் மனுவில் படிவம் 1 என்று ஒன்று இருப்பதும், கண்டுபிடித்தவர்களின் பெயர் அதன் முன்பக்கத்தில் வரும் என்பதும், நான் போட்ட கையெழுத்துக்கு "நானே உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர்" என்று அர்த்தம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பது சாக்கு ஆகாது. பையன் போன் செய்த அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்திலும் கேட்கிறேன்.

ஆறு பெயர் இருக்கிறது. முதலில் நீங்கள், பிறகு முதல்வர், எச்.ஓ.டி. (துறைத் தலைவர்), ஐ.பி.ஆர். செல் ஒருங்கிணைப்பாளர், நான், ஆறாவதாக வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு கல்லூரியைச் சேர்ந்த ஒருவர். அந்த ஆறாவது ஆளை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு வருகிற வாட்ஸப் விளம்பரங்களைப் பார்த்தால் புரிகிறது: "முதல் இடம் 8,000, ஆறாவது இடம் 2,500, 45 நாளில் பப்ளிகேஷன் உறுதி". சினிமா டிக்கெட் மாதிரி வரிசை வாரியாக விலை. தாளாளர் ஐயா, கேட்பதற்கு மன்னியுங்கள், அந்தத் தாடையில் பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா? பெயர் போடுவது மரியாதைக்காகச் செய்கிற காரியம் கிடையாது. மனு போடும் உரிமை கண்டுபிடித்தவருக்கு, அல்லது அவர் எழுதிக்கொடுத்தவருக்குத்தான் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. கல்லூரி என்ற முறையில் மனுதாரராக நிற்கிறீர்கள், அவனிடம் எழுதி வாங்கினீர்களா? நம்மிடம் படித்தான் என்பதாலேயே அது நம் சொத்தாகிவிடாது. அட்மிஷன் படிவத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது, பார்த்துவிட்டேன்.

தலைப்பையாவது விட்டுவைத்தார்களா? "செயற்கை நுண்ணறிவும் பொருட்களின் இணையமும் சார்ந்த அறிவார்ந்த ஆழ்துளைக் கிணற்று மோட்டார் தூக்கும் அமைப்பு" என்று தமிழில் சொன்னால் வருகிற ஒரு தலைப்பு. லாரிப் பட்டையில் செய்த கிளாம்ப்புக்கு! தலைப்பு சிரிப்புதான், ஆனால் உள்ளே இருக்கும் உரிமைக் கோரல்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேடன்டின் உயிர் அந்தக் கோரல்களில்தான். நிலப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுகிற மாதிரி, இதுவரை என்னுடையது என்று அங்கேதான் சொல்கிறோம். முதல் கோரலில் ஒரு எடை சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு மொபைல் ஆப், அப்புறம் கிளாம்ப் என்று எழுதியிருக்கிறார்கள். பையன் கிளாம்பில் பேட்டரிகூடக் கிடையாது. ஒரு கோரலில் சொன்ன எல்லா உறுப்புகளும் ஒருவனுடைய பொருளில் இருந்தால்தான் அவன் அத்துமீறினான் என்று பொதுவாகச் சொல்ல முடியும். சென்சாரை விட்டுவிட்டு வெறும் கிளாம்பை மட்டும் ஒருவன் செய்தால்? ஒன்றும் செய்ய முடியாது. வயர் வாய்க்கால் விளக்கத்தில் ஒரு பத்தியாக வருகிறது, கோரல்களில் ஒரு இடத்திலும் இல்லை. பின்னால் சென்சாரை எடுத்துவிடலாமே என்றால், கோரலின் எல்லையை அகலமாக்கும் திருத்தத்துக்கு 59-ஆம் பிரிவு இடம் கொடுக்காது.

இது கற்பனைப் பயமில்லை. கோயம்புத்தூர் கணபதியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இந்த கிளாம்பைப் பார்த்துவிட்டு, நானே வார்த்துச் செய்கிறேன், பீஸுக்கு இவ்வளவு என்று உனக்குத் தருகிறேன், முதலில் 200 போடலாம் என்று பையனிடம் பேசியிருக்கிறார். "பேடன்ட் இருக்கா தம்பி?" என்று கேட்டதற்கு, காலேஜில் போட்டிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவர் அரசு இணையதளத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். அதற்குக் காசுகூட வேண்டாம், யாரும் தேடலாம். "இதுல வேற ஆளுங்க பேருல்ல இருக்கு, உங்கிட்ட நான் எப்படி எழுதி வாங்குறது?" என்று கேட்டாராம். அன்று ராத்திரிதான் எனக்கு போன் வந்தது. அந்தப் பட்டறைக்காரர் தன் வக்கீலிடம் காட்டியபோது, சென்சார் இல்லாமல் செய்தால் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதையும் பையனிடம் மறைக்காமல் சொன்ன மனுஷன் அவர். இன்னும் செய்யவில்லை. அடுத்து வருகிறவரும் இப்படியே இருப்பார் என்று நாம் எதிர்பார்க்க முடியுமா?

2024 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பேடன்ட் இதழில் மனு வெளியானது. சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியாக வேண்டியது, படிவம் 9 போட்டு 2,500 ரூபாய் கட்டி அவசரப்படுத்தினீர்கள். திங்கள்கிழமை மெயின் கேட்டில் ஃபிளெக்ஸ்: "காப்புரிமை பெற்ற நம் தாளாளருக்கு வாழ்த்துகள்". அந்த வார்த்தை பொய். மனு வெளியானதற்கு ஊருக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது என்பதுதான் பொருள். யாரும் அதைச் சோதிக்கவில்லை, புதிதா என்று பார்க்கவில்லை, உரிமை தரவும் இல்லை. வழங்கப்பட்ட பிறகுதான் வழக்கே போட முடியும் என்று 11ஏ பிரிவில் இருக்கிறது. விற்கிற பொருளைப் பேடன்ட் பெற்றது என்று பொய்யாகச் சொன்னால் 120-ஆம் பிரிவில் 10 லட்சம் வரை அபராதம். ஃபிளெக்ஸில் நாம் பொருள் எதையும் விற்கவில்லையே என்பீர்கள். அட்மிஷன் சீட் விற்கிறோமே ஐயா.

மனுவைப் பேடன்ட் அலுவலகம் சோதிக்க வேண்டுமென்றால் படிவம் 18 போட வேண்டும், மனு போட்டதிலிருந்து 31 மாதத்துக்குள். கல்லூரிகளுக்குக் கட்டணம் 4,000 ரூபாய். போடாவிட்டால் மனு திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். இன்றுவரை போடவில்லை. இந்த மனுவுக்கு மட்டுமில்லை, இணையதளத்தில் நம் கல்லூரிப் பெயரைப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், நான் பார்த்தவற்றில் படிவம் 18 போட்ட மனு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் படிவம் 9 இருக்கிறது. மத்திய அரசு கல்லூரிகளுக்குத் தரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் வெளியான மனுவுக்கும் மதிப்பெண் உண்டு, அதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. ஃபிளெக்ஸுக்கு நிச்சயம் 4,000-க்கு மேல் செலவாகியிருக்கும்.

இதில் பையன்களுக்கு என்ன நஷ்டம் என்று எச்.ஓ.டி. ஒருமுறை என்னிடம் கேட்டார். பேடன்ட் ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவன் தன் ரகசியத்தை ஒளிக்காமல் எழுதிக்கொடுக்கிறான், பதிலுக்கு மனு போட்ட நாளிலிருந்து 20 வருடத்துக்கு, அதைச் செய்யவோ பயன்படுத்தவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ விடாமல் பிறரைத் தடுக்கும் உரிமையை 48-ஆம் பிரிவு அவனுக்குக் கொடுக்கிறது. நாம் செய்தது முதல் பாதி மட்டும். ரகசியத்தைக் கொடுத்தாகிவிட்டது, அதுவும் அவனைக் கேட்காமல். வாங்க வேண்டியதை வாங்கவில்லை. வெளியானதால் இனி அவன் புதிதாக மனு போட்டால், நம் மனுவே அவனுக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். இங்கே போட்ட தேதியை வைத்தே வெளிநாட்டில் போடுவதற்கான 12 மாத முன்னுரிமையும் 2025 ஆகஸ்டோடு முடிந்தது, அதை விடுங்கள்.

இனி நான் கேட்பது.

மார்ச் 2027-க்குள் படிவம் 18 போட்டாக வேண்டும். அது கடைசி நாள், அதுவரை காத்திருக்காமல் இந்த மாதமே 4,000 ரூபாய் கட்டுங்கள். பணம்தான் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், என் கிராஜுவிட்டியில் பிடித்துக்கொள்ளலாம், அதுவும் இன்னும் வரவில்லை.

கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவன் பெயரைச் சேருங்கள். 28-ஆம் பிரிவில் படிவம் 8 இருக்கிறது, பேடன்ட் வழங்கப்படுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சேர்ப்பதோடு நிற்காமல் மற்ற ஆறு பெயரையும் எடுக்க மனுவைத் திருத்துங்கள். முதலில் என் பெயரை எடுங்கள், அதற்கான கையெழுத்தை இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போட்டுத் தருகிறேன்.

மனுவின் உரிமையை அவன் பெயருக்கு எழுதிக்கொடுங்கள். அதன் பிறகு, விளக்கத்தில் இருந்தும் கோரப்படாமல் கிடக்கும் வயர் வாய்க்காலுக்கு 16-ஆம் பிரிவின் கீழ் பிரிப்பு மனு (முதல் மனுவிலிருந்து பிரித்துத் தனியாகப் போடும் மனு) போட வழியிருக்கிறது, அப்படிப் போட்டால் 2024 ஆகஸ்ட் தேதியே அதற்கும் கிடைக்கும் என்று நான் கேட்ட வக்கீல் சொல்கிறார். முதல் மனு உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். தவறாகப் பெற முயன்றார்கள் என்று 25-ஆம் பிரிவில் எதிர்ப்பு மனு போடும் வழி எங்களுக்கும் தெரியும். போட்டால் எல்லாமே சேர்ந்து விழுந்துவிடலாம், நஷ்டம் அவனுக்கே. அதனால் முதலில் கடிதம்.

ஜூன் சர்க்குலரை வாபஸ் வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு என்று கேட்டால் ஆசிரியர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள், வாட்ஸப்பில் வாங்குவார்கள். அதற்குப் பதிலாக அடுத்த எக்ஸ்போவுக்கு முன்பு ஒரு வேலை செய்யலாம்: நல்ல புரொஜெக்ட் எது என்று பார்த்து, ஸ்டால் போடுவதற்கு முந்தைய வாரமே அந்தப் பிள்ளைகள் பெயரில் தற்காலிக விவரக்குறிப்போடு (முழுமையாகாத முதல் விளக்கம்) ஒரு மனு போட்டுவிடுங்கள். கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் அவகாசம் கிடைக்கும். பிறகு எத்தனை வீடியோ வேண்டுமானாலும் எடுங்கள்.

எனக்குப் பதில் போட வேண்டாம். அவனுக்கு எழுதுங்கள், அட்மிஷன் ரெஜிஸ்டரில் அவன் வீட்டு முகவரி இருக்கிறது.

இப்படிக்கு,
மெக்கானிக்கல் துறையின் முன்னாள் உதவிப் பேராசிரியர்,
அந்தப் பட்டியலில் ஐந்தாவது பெயர்